பசறையிலிருந்தும் குவைத்திலிருந்தும்

பிறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிட முடியுமா? ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்து, அதே லயத்தில் பிள்ளை பெற்றவர்கள், தங்களுக்கும் ஒரு நாடு உண்டு என்று சொல்லும் தாளுக்காகக் கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். கண்ணால் காணாத நாட்டின் பாஸ்போர்ட்டை, வாழ்ந்த மண்ணில் நின்றுகொண்டு கேட்டார்கள். இன்று அவர்களுடைய பேத்திகள் குவைத்திலும் சவூதியிலும் ஓமானிலும் வீட்டு வேலை செய்துகொண்டு, இலங்கை அரசாங்கத்தின் இலக்கத்தை அங்கிருந்து கேட்கிறார்கள். இரண்டு தலைமுறைக்குள் திசை தலைகீழாகிவிட்டது. மாறாமல் நிற்பதும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதுளை மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். ஓ.எல். எழுதப்போகும் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை ஆசிரியர்கள் தலையில்தான் விழும். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் விபரம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றை நிரப்ப உட்கார்ந்தால் ஒரு குடும்பத்தின் எழுபது வருடக் கதை மேசைக்கு வந்துவிடும்.

அந்தக் கதையின் தொடக்கம் 1947. அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் பதுளைத் தொகுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா வென்று பாராளுமன்றம் போனார். தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத்தான் வென்றார். அடுத்த வருடமே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்டினால்தான் வம்சாவளிப் பிரஜை. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலத்தில், பாட்டன் பிறந்ததற்கு எந்தத் தொழிலாளி சான்று காட்டுவார்? அந்த ஒரு சட்டத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் தோட்டத்து லயங்களுக்கு வாக்குச்சீட்டு வரவில்லை.

1949 இல் இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடப் பிரஜாவுரிமைச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது அது. 1946 ஜனவரி 1 க்கு முன்னால் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும்: கலியாணம் முடித்தவர் என்றால் ஏழு வருடம், இல்லையென்றால் பத்து வருடம். இடையில் சொந்தக்காரரைப் பார்க்க இந்தியா போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். ஆரம்பத்தில் காங்கிரஸ் இந்தச் சட்டத்தையே புறக்கணித்தது. பிறகு மனம் மாறி எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னபோது, கெடு முடிய வேண்டிய 1951 ஆகஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பல வருட விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

அந்த விசாரணைகளில் தோட்டத்து மனிதர் கையில் இருந்த சான்று என்ன? செக்ரோல். பிரட்டுக்களத்தில் கூப்பிட்ட பெயர், அன்று போட்ட வேலை, அதற்கு எழுதிய பேர். அந்தப் புத்தகம் தோட்டத்து ஆபிஸ் அலுமாரியில் இருந்தது. அதிலிருந்து ஒரு கடிதம் எழுதித் தரக்கூடியவர் துரை. அவர் தந்தால் வதிவிடம் உண்டு, தராவிட்டால் இல்லை. பிறப்பு இறப்புகளை அறிவிப்பதும் துரையின் பொறுப்பாகவே இருந்தது. சங்கத்தில் முன்னுக்கு நின்றவர், பத்துச்சீட்டுக் கொடுத்து வெளியேற்றப்பட்டவர், தோட்டம் மாறித் தோட்டம் போனவர் எல்லோரும் தங்கள் வாழ்நாளுக்கான சாட்சியை முன்னாள் முதலாளியின் அலுமாரியில் விட்டுவிட்டு வந்தவர்கள். பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட வரலாற்றைப் பேசும்போது கொழும்பில் போட்ட சட்டங்களைத்தான் பேசுகிறோம். பதுளையில் அந்தச் சட்டம் போய்ப் பூட்டிக்கொண்ட அலுமாரியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1964 அக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். யாரிடமும் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டு எழுதிய எண்ணிக்கைகள் இல்லை இவை. எண்ணிக்கை முதலில் வந்தது, விண்ணப்பப் படிவம் பிறகு வந்தது. அப்போது பதுளைத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு பேச்சு ஒன்றுதான்: இந்தியாவுக்கு எழுதுவதா, இலங்கைக்கு எழுதுவதா? அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் எழுதிய குடும்பங்கள் உண்டு. இலங்கைக்கு எழுதி மறுக்கப்பட்டுப் பிறகு இந்தியாவுக்கு எழுதியவர்களும் உண்டு.

இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள். பொல்கஹவெலயில் இறங்கி மாறி, தலைமன்னார், அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் அந்த வண்டிக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. போனவர்களில் பலரை நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள். இன்றும் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தில் பதுளைக்காரர்களைக் காணலாம்.

எல்லோரும் போகவில்லை. சேமலாப நிதிக் காசு கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடின. போர் வந்தது. 1984 இல் கப்பல் நின்றது. கையில் பாஸ்போர்ட், போக வழியில்லை. இருக்கும் நாட்டிலோ அவர்கள் இந்தியர்கள். மடுல்சீமைப் பக்கத்து லயம் ஒன்றில் அப்படியொரு பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தகரப் பெட்டியில், கலியாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்கள். அட்டையில் அசோகச் சிங்கங்கள் மங்கிப்போயிருந்தன. உள்ளே கணவன், மனைவி, பிள்ளைகளின் பெயர்கள். பிரயாணம் செய்ததற்கான முத்திரைப் பக்கங்கள் அத்தனையும் வெறுமையாக இருந்தன. “போறதுக்குத்தான் எடுத்தோம் சேர். போகல. அப்புறம் இத வச்சிக்கிட்டு ஒன்னுமே செய்ய முடியல” என்றார் அந்த அம்மாயி. வாக்கு, அரசாங்க வேலை, இலங்கைப் பாஸ்போர்ட், தேசிய அடையாள அட்டை எதுவும் அந்த வீட்டுக்குக் கிடைக்காமல் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

தேசிய அடையாள அட்டைக்கு அடிப்படையான ஆட்பதிவுச் சட்டம் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம். 1972 இலிருந்து அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அது பிரஜைகளுக்கான சட்டம். ஆகவே நாடற்றவர் வீட்டுக்கு அந்த இலக்கம் வரவில்லை.

அந்த இலக்கத்தையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், பிறகு சொல்லப்போகும் சங்கடம் அதற்குள்தான் இருக்கிறது. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துக் கணக்கு. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். 1972 ஜூன் 10 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 72 என்று தொடங்கி 662 என்று தொடரும். பிறகு மூன்று எண் வரிசை, ஒரு சரிபார்ப்பு எண். கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’. வாக்களிக்கத் தகுதியுள்ளவருக்கு ‘வி’, மற்றவருக்கு ‘எக்ஸ்’. 2016 இலிருந்து ஆண்டை நான்கு எண்ணாக எழுதி, மொத்தம் பன்னிரண்டு எண்ணாக்கி, எழுத்தை எடுத்துவிட்டார்கள். பழைய இலக்கக்காரர் முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியம் சேர்த்துக்கொண்டால் புதிய இலக்கம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த அட்டை இல்லாத தோட்டத்துப் பையனுக்கு என்ன நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். கொழும்பில் கடையில் நிற்கப் போனவன் சோதனைச் சாவடியில் அட்டை காட்ட முடியாமல் நிற்பான். தமிழன், அட்டை இல்லை, விலாசம் தோட்டம், பேசும் சிங்களம் தடுமாற்றம். பயங்கரவாதத் தடைச் சட்டம் அமுலில் இருந்த நாட்கள். ஒரு தாள் இல்லாத குற்றத்துக்காக மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டவர்கள் எங்கள் மலைகளில் இருக்கிறார்கள். தாய்மார் வளையலை அடகு வைத்துப் பதுளையிலிருந்து இரவு மெயிலில் கொழும்புக்குப் போய்ப் பொலிஸ் நிலையம் பொலிஸ் நிலையமாக அலைந்தார்கள்.

1986 இலும் 1988 இலும் சட்டங்கள் வந்து நாடற்றவர் பிரச்சினை பெருமளவு குறைந்தது. முழுதாக முடிவுக்கு வந்தது 2003 இல். அந்த வருடத்து 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒப்பந்த நாளிலிருந்து இங்கே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் சந்ததியினரையும் இலங்கைப் பிரஜைகள் என்று அறிவித்தது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தவர்கள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் தொழிற்சங்கங்களோடும் தொண்டர்களோடும் சேர்ந்து நடத்திய பத்து நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து வருடம் இழுபட்ட விஷயம். மேசை போட்டு, படிவத்தைத் தோட்டத்துக்கே கொண்டுபோனவுடன் பத்து நாளில் இத்தனை பேருக்கு முடிந்தது. இதை நான் பாடசாலையில் திரும்பத் திரும்பச் சொல்வேன். அரசாங்கம் மனம் வைத்தால் தாள் நடந்து மனிதரிடம் வரும் என்பதற்கு இந்த நாட்டிலேயே இருக்கும் ஆதாரம் இது.

அதே 2003 இல் இன்னொரு திருத்தமும் நடந்தது, அதிகம் பேசப்படாதது. அதுவரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாகத்தான் இலங்கைப் பிரஜாவுரிமை வரும். 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாய் வழியாகவும் வரலாம் என்றாக்கியது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைக் கொண்ட ஒரு மாகாணத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை பிறந்த ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டிலிருக்கும் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் காரணம் காட்டித் தாமதப் பதிவு. அந்தப் பதிவு இல்லையென்றால் பதினைந்து வயதில் பிள்ளைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் எழுத உட்காரும் ஆசிரியர், பிறப்புச் சான்றிதழ் இலக்கம் என்ற கட்டத்தில் பேனையை வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். நின்றிருக்கிறேன்.

தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1983 வன்முறைக்குப் பிறகு கடல் தாண்டிய அகதிகளில் மலையகத்தாரும் கணிசமாக இருந்தார்கள். இங்கே பிரஜாவுரிமை கிடைக்கு முன்பே போனவர்கள், அங்கே அகதி அட்டையோடு நின்றார்கள். 2009 இல் இலங்கை அந்த 2003 சட்டத்தைத் திருத்தி, அப்படிப் போய் இந்தியாவில் வாழ்பவர்களுக்கும் பிரஜாவுரிமையை விரித்தது. முகாமில் பிறந்த பிள்ளைக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பிறகு பிரஜாவுரிமைச் சான்றிதழ். எஸ்.சி. சந்திரஹாசன் 1984 இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய் இந்தப் பதிவுகளைச் செய்துகொடுத்தது. மறுபக்கத்தில், முகாம்களிலிருக்கும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். பதுளையிலிருந்து போன ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தக் கரையின் தாளுக்கும் இன்னொருவர் அந்தக் கரையின் தாளுக்கும் எழுதிக்கொண்டிருக்கும் நிலை, 1964 இல் லயத்து வாசலில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

இன்றைய பதுளைக்கு வருவோம். சட்டப்படி எல்லோரும் பிரஜைகள். 2014 இலிருந்து அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கிறது. 2017 இலிருந்து படம் எடுப்பது, ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில். ஸ்டூடியோ படத்தை நேரே இணையத்தில் அனுப்பிவிட்டு ரசீது தரும். பாஸ்போர்ட்டுக்குப் பத்தரமுல்லையில் விடியவிடிய வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2023 ஜூனிலிருந்து இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை வைக்கலாம். என் மாணவர்களின் விண்ணப்பத்தில் அதிபர் கையெழுத்துப் போடுகிறார். பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்குத் துரையிடம் போகத் தேவையில்லை. இது பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பத்தாம் வகுப்புக்கு முன்னால் படிப்பை விட்டுவிட்ட பிள்ளை? வேலைக்குப் போய்விட்டு முப்பது வயதில் முதல் தடவையாக அட்டை கேட்பவர்? கிராமத்தில் வசிப்பவர் என்றால் கிராம உத்தியோகத்தர் சான்றுப்படுத்துவார். தோட்டத்தில் வசிப்பவர் என்றால் சான்றுப்படுத்துபவர் தோட்ட அத்தியட்சகர். அதாவது துரை. செக்ரோல் கணினிக்குப் போய்விட்டது. தோட்டம் அரசுடைமையாகி, 1992 இல் மறுபடி கம்பனிகள் கைக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்துவிட்டார். இந்த மனிதர் இங்கே வசிக்கிறார் என்று சொல்லும் பேனை மட்டும் சம்பளம் கொடுப்பவர் கையிலேயே இருக்கிறது. நல்ல துரைமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டவுடன் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு பிரஜையின் இலக்கம் ஒருவருடைய நல்ல குணத்தில் தங்கியிருக்கலாமா என்பதே என் கேள்வி.

தோட்டத்து வாசலில் அரசாங்கம் நின்றுவிடும் பழக்கம் அடையாள அட்டையோடு முடிவதும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதைத் திருத்தவே 2018 ஆயிற்று. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வரும். ஆட்பதிவுத் திணைக்களம் தபாலில் அனுப்பும் அட்டையும் அந்த மேசைக்கே வரும்.

இனிக் குவைத். அங்கே பன்னிரண்டு வருடமாக வேலைசெய்யும் பெண் ஒருவரின் விண்ணப்பத்தை அவருடைய தங்கை என்னிடம் கொண்டுவந்தாள். அக்காவின் பாஸ்போர்ட் முடியப்போகிறது. தூதரகத்தில் புதுப்பிக்கப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். வட்ஸ்அப்பில் அக்காவின் குரல் (வீட்டு எஜமானைப் பாபா என்றுதான் சொல்வார்): “தங்கச்சி, பாபா பாஸ்போட்ட அலுமாரில பூட்டி வச்சிருக்காரு. கேட்டா வெள்ளிக்கிழம தாறேங்கிறாரு. நீ அந்த ஐடென்டிகாட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்பு.” தங்கை தகரப் பெட்டியிலிருந்து மூன்று தாளையும் எடுத்து மேசையில் பரப்பினாள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி. சிங்களத்தில் மட்டும் எழுதிய பழைய அட்டையில் லக்ஷ்மி. ஆங்கிலத்தில் எழுதிய பாஸ்போர்ட் பிரதியில் இன்னொரு கூட்டல். பெயர் ஒருபக்கம் இருக்கட்டும், பிறந்த திகதியும் ஒத்துவரவில்லை. அனுப்பிய ஏஜென்சிக்காரர் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார். இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் பொதிந்திருப்பதால், பாஸ்போர்ட்டின் திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த அதிகாரிக்கும் பொய் உடனே தெரிந்துவிடும். பொய் சொன்னது அந்தப் பெண் இல்லை. பதில் சொல்ல வேண்டியது மட்டும் அவள்.

இந்த வயது விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. வீட்டு வேலைக்குப் போன மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்குக்கு, பராமரித்த குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் 1988 இல் பிறந்தவர், சம்பவம் நடந்தபோது பதினேழு வயதுப் பிள்ளை. பாஸ்போர்ட்டில் 1982 என்று இருந்தது. தாள் இரண்டில் எது பேசியது என்பது தெரியும். பதுளையிலிருந்து போகும் ஒவ்வொரு பெண்ணின் தாளையும் எடுத்துத் திகதியை ஒத்துப் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

குவைத்திலிருக்கும் அக்காவுக்கு அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், சான்றுக் கையெழுத்து வசிப்பிடத்தில் வாங்க வேண்டியது. அவரோ பன்னிரண்டு வருடமாகத் தோட்டத்தில் இல்லை, செக்ரோலில் பெயரும் இல்லை. தோட்டத்து ஆபிஸில் “ஆள் இங்க இல்லையே, எப்படிப் போடுறது?” என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பெரும்பாலானவர்கள் விடுமுறைக்கு வரும்வரை காத்திருந்து, பிள்ளையோடு இருக்க வேண்டிய நாட்களைப் பிரதேச செயலகத்துக்கும் தோட்டத்து ஆபிஸுக்கும் இடையில் செலவழிக்கிறார்கள். 2013 இலிருந்து 2022 வரை வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று இன்னொரு தாளும் தேவைப்பட்டது. சிறு பிள்ளை இருந்தால் போக முடியாது. அதைத் தவிர்க்கப் பலர் விசிட் விசாவில் போனார்கள். அப்படிப் போனவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவில் இல்லை, தோட்டத்துச் செக்ரோலில் இல்லை, வாக்காளர் இடாப்பிலும் நாளடைவில் இல்லை. பிரஜை என்பது மட்டும் உண்மை.

பாபாவின் அலுமாரியையும் பழைய தோட்டத்து ஆபிஸ் அலுமாரியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பாட்டியின் வாழ்நாளுக்குச் சான்று துரையின் பூட்டுக்குள் இருந்தது. பேத்தியின் பாஸ்போர்ட் எஜமானின் பூட்டுக்குள் இருக்கிறது. வளைகுடாவின் கஃபாலா முறையில் தொழிலாளியின் விசா எஜமானோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது அந்த நாடுகளிலேயே சட்டவிரோதம் என்றாலும் வீட்டுக்குள் யார் போய்ப் பார்ப்பது? எழுபத்தைந்து வருடத்தில் எங்கள் மக்களின் நாடு மாறியிருக்கிறது, உரிமை மாறியிருக்கிறது. நீ யார் என்று சொல்லும் அதிகாரம் வேலை கொடுப்பவரிடமே தங்கியிருப்பது மாறவில்லை. நான் முதலில் சொன்ன மாறாத ஒன்று இதுதான்.

2024 இல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் வரி அடையாள இலக்கமும் எடுக்க வேண்டும் என்று வந்தபோது, தோட்டங்களில் ஒரு பயம் கிளம்பியது: இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டுமோ? இல்லை. வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் வரி. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு வருடத்துக்கு 18 லட்சம் ரூபா. இந்த இலக்கத்தை இணையத்தில் எடுக்கலாம், வெளிநாட்டிலிருந்தும் எடுக்கலாம். துரையும் வேண்டாம், பாபாவும் வேண்டாம். அடையாள அட்டை இலக்கம் சரியாக இருந்தால் போதும். எல்லாம் திரும்பவும் அந்த முதல் இலக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளி சேமலாப நிதி எடுக்கப் போகும்போதும் அதுவே நடக்கிறது: செக்ரோலில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர், இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி.

இப்போது டிஜிட்டல் அடையாளம் வருகிறது. 2022 மார்ச்சில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி இந்தியாவின் நன்கொடையில் நடக்கும் வேலை. கைரேகையும் முகமும் கண்ணும் பதிவாகும். ஒரு காலத்தில் எங்கள் பாட்டன்மாரைத் தலைக்கணக்காகப் பிரித்துக்கொண்ட இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து செய்யும் இலக்கம் என்பதால், மலையகத்தார் இதில் ஒன்றைக் கேட்க முழு உரிமை உள்ளவர்கள். பதிவு தொடங்கு முன்பே கேட்க வேண்டும். தோட்டத்தில் வசிப்பவருக்கும் கிராமத்தில் வசிப்பவருக்கும் ஒரே கிராம உத்தியோகத்தர் சான்றுப்படுத்தட்டும். லயத்துக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் ஏற்கும் விலாசம் வேண்டும். குவைத், ரியாத், டோஹா, மஸ்கட் தூதரகங்களில் தமிழ் தெரிந்த ஒருவர், வெள்ளிக்கிழமைகளில், இந்தப் பதிவுக்கென்றே உட்கார வேண்டும். வீட்டு வேலைப் பெண்ணுக்கு வெளியே வரக் கிடைக்கும் நாள் அதுதான். பெயர்க் கூட்டலையும் பிறந்த திகதியையும் தண்டனைப் பயமில்லாமல் ஒருமுறை திருத்திக்கொள்ள ஒரு காலக்கெடு கொடுக்க வேண்டும். 2003 இல் பத்து நாளில் 1,90,000 பேருக்குச் செய்து காட்டிய நாட்டிடம் இது பெரிய கோரிக்கை கிடையாது.

கேட்பதற்கு ஆளும் இருக்கிறார்கள். 1947 இல் சுப்பையாவை அனுப்பிய பதுளை, 2024 நவம்பர் தேர்தலில் கிட்ணன் செல்வராஜையும் அம்பிகா சாமுவேலையும் அனுப்பியிருக்கிறது. அந்தத் தேர்தலில் குவைத்திலிருக்கும் அக்காவால் வாக்களிக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் இன்னும் ஏற்பாடு இல்லை. அவருடைய பழைய அட்டையின் இலக்கம் ‘வி’ என்றுதான் முடிகிறது. தூதரகத்துக்கான படிவத்தில் அந்த இலக்கத்தையும் பிறப்புச் சான்றிதழிலுள்ள திகதியையும் அப்படியே எழுதி, பாஸ்போர்ட்டின் திகதி ஏன் வேறாக இருக்கிறது என்று ஏஜென்சியின் பெயரோடு ஒரு கடிதமும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.